நைதரசன் குறைந்த மண்ணில் நல்ல குரக்கன்: எந்தப் பசளை, எப்போது, எவ்வளவு (திருகோணமலைக் காணிகளுக்கான முழுமையான வழிகாட்டி)

குரக்கனுக்குப் பசளை எதுவும் தேவையில்லை, விதைத்துவிட்டால் தானாக வந்துவிடும் என்ற பேச்சைப் பன்குளம், மொறவெவ, திரியாய், ஈச்சிலம்பற்று என்று எந்தப் பக்கம் போனாலும் கேட்கலாம். வருவது உண்மைதான். நெல் கருகிப்போகிற மேட்டு நிலத்தில்கூட குரக்கன் நின்று கதிர் போடும். ஆனால் அந்தக் கதிரைப் பறித்து உள்ளங்கையில் தேய்த்து ஊதிப் பாருங்கள், பாதி உமியோடு பறந்துவிடும், மிச்சம் நிற்கிற மணி சிறுத்து, அரைத்தால் தோல் கூடவும் மா குறையவும் இருக்கும். இன்னொரு பக்கம் யூரியாவை அள்ளி எறிந்து, பார்த்தவர் கண் படும் அளவுக்குப் பச்சையாக வளர்த்து, கடைசியில் கதிரின் கழுத்தில் எரிபந்தம் என்ற பூஞ்சை நோய் விழுந்து மணியே கட்டாமல் போன காணிகளும் உண்டு.

இரண்டு பேருக்கும் மண் ஒன்றுதான், நைதரசன் இல்லாத மண். இந்த மண்ணில் எத்தனை மூட்டை போட்டோம் என்ற கணக்கை விட, செடி வளரும் எந்தக் கட்டத்தில் அந்த நைதரசன் அதன் வேருக்குக் கிடைத்தது, கூடவே கந்தகமும் நாகமும் (துத்தநாகச் சத்து) கிடைத்தனவா என்பதுதான் மணியின் தரத்தைத் தீர்மானிக்கிறது. இதைச் செய்து பார்க்கிற முறையைக் கீழே ஒழுங்காக எழுதியிருக்கிறேன். குரக்கனை வைத்து எழுதுகிறேன், தினை, சாமை செய்கிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

தரம் என்று எதைச் சொல்கிறோம்

விளைச்சலும் தரமும் ஒன்றல்ல, இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் பசளை விஷயத்தில் எல்லாமே குழப்பமாகத்தான் இருக்கும். குரக்கன் மணியில் நாம் பார்க்க வேண்டியவை நான்கு: மணி நிறைந்திருக்கிறதா, புரதம் எவ்வளவு, நாகம், இரும்பு, கல்சியம் போன்ற தாதுக்கள் எவ்வளவு, அந்தத் தாதுக்களை நம் உடம்பு எடுத்துக்கொள்ள முடிகிறதா.

குரக்கனில் புரதம் சுமார் 7 சதவீதம். தினையில் 12 சதவீதம் வரை இருக்கும், அந்தக் கணக்கில் குரக்கன் கொஞ்சம் பின்னுக்குத்தான். ஆனால் கல்சியத்தில் அதை அடிக்க வேறு தானியம் கிடையாது, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல், வெள்ளைப் பச்சையரிசியில் அது 10 மில்லிகிராம் அளவுதான். இந்தக் கல்சியம் பெரும்பாலும் இனத்தையும் மண்ணையும் பொறுத்தது, யூரியா போட்டு அதைக் கூட்ட முடியாது. பசளையால் நாம் உண்மையில் ஆட்டிப் பார்க்கக்கூடியவை மணியின் நிறைவு, புரதம், நாகம் ஆகிய மூன்றும்தான், ஆகவே கவனம் முழுக்க அங்கே இருக்கட்டும்.

புரதத்தைப் பற்றி ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். நைதரசன் அடியோடு இல்லாத மண்ணில் முதல் முறை கொஞ்சம் பசளை போட்டால் புரத சதவீதம் கூடாது, சில நேரம் குறையவும் செய்யும். செடி கிடைத்த நைதரசனை வைத்து முதலில் இலையையும் மட்டத்தையும் (அடியிலிருந்து வெடிக்கிற பக்கத் தண்டுகள்) மணியின் எண்ணிக்கையையும்தான் கூட்டும், அத்தனை மணிக்கும் அது பங்கிடப்படும்போது ஒவ்வொரு மணியிலும் புரதம் நீர்த்துப்போகும். உதாரணத்துக்கு, ஒன்றும் போடாத ஏக்கரில் 300 கிலோ விளைந்து புரதம் 7.5 சதவீதம் என்றால் மொத்தப் புரதம் 22.5 கிலோ. கொஞ்சம் யூரியா போட்டு 500 கிலோ விளைந்து 7 சதவீதம் ஆனால் மொத்தம் 35 கிலோ. சதவீதம் இறங்கினாலும் வீட்டுக்கு வந்த புரதம் கூடித்தான் இருக்கிறது. பிற்பாடு, கதிர் தண்டுக்குள் உருவாகி இன்னும் வெளியே வராத குடலைப் பருவத்துக்கு அண்மையாகக் கொடுக்கிற நைதரசன்தான் சதவீதத்தையும் தூக்கும், அந்த நேரத்தில் மணியின் எண்ணிக்கை ஏறக்குறைய முடிவாகிவிட்டபடியால் அது நேரே மணிக்குள் போகும்.

இன்னொரு நுணுக்கம்: நைதரசனை மேலும் மேலும் கொடுத்தால் கூடுகிற புரதம் பெரும்பாலும் சேமிப்புப் புரதம், அதில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. ஆகவே புரதம் கூடக் கூட, அந்தப் புரதத்தில் லைசினின் பங்கு இறங்கும். பருப்போ மீனோ சேர்த்துச் சாப்பிடுகிற நம் வீடுகளில் இது பெரிய குறை இல்லை, என்றாலும் அளவுக்கு மிஞ்சிப் போடுவதில் லாபம் இல்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 1: உங்கள் மண் எது என்று பாருங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் மேட்டு நிலங்களில் பெரும்பாலும் செங்கபில மண்ணும் கல்சியமற்ற கபில மண்ணும், கரையோரம் நிலாவெளி முதல் குச்சவெளி, புல்மோட்டை வரை மணலும் இருக்கின்றன. மூன்றிலும் சேதனப் பொருள் குறைவு. நம் வெயிலில் விழுகிற இலை குழை எல்லாம் வேகமாக உக்கிப் போய்விடும், பிறகு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வருகிற வடகீழ்ப் பருவமழை மண்ணில் கரைந்து நிற்கிற நைத்திரேற்றை வேருக்குக் கீழே கழுவிக்கொண்டு போய்விடும். மணல் மண்ணில் ஒரு பெருமழையே போதும்.

சேனைக்காகக் காடு வெட்டி எரித்த நிலம் தனிக் கதை. எரித்த சாம்பலில் பொட்டாசியமும் கல்சியமும் கொஞ்சம் பொஸ்பரசும் இருக்கும், நைதரசனும் கந்தகமும் பெரும்பாலும் புகையோடு போய்விடும். முதல் வருடம் நன்றாக வந்த குரக்கன் அடுத்தடுத்த போகங்களில் மங்குவதற்குக் காரணம் இது. அப்படிப்பட்ட காணிக்கு முதல் வருடம் பொட்டாஷ் தேவைப்படாது.

விவசாயத் திணைக்களத்தின் ஊடாக மண் பரிசோதனை செய்யலாம், உங்கள் கமநல சேவை நிலையத்திலோ பிரிவு விவசாயப் போதனாசிரியரிடமோ கேட்டால் மாதிரி எடுக்கும் முறையைச் சொல்வார்கள். காணியில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவு கொடுத்தால் போதும். எருக் குவியல் இருந்த இடம், வேலியோரம், மாடு கட்டுகிற இடம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். முடிவு வந்ததும் முதலில் பொஸ்பரசைப் பாருங்கள், அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பரிசோதனை இல்லாவிட்டால் செடியே சொல்லும், ஆனால் எந்த இலை என்று கவனிக்க வேண்டும். நைதரசன் குறைந்தால் அடி இலை, அதாவது மூத்த இலை, நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக உள்ளே மஞ்சளாகி வரும். கந்தகம் குறைந்தால் குருத்துப் பக்கத்து இளம் இலைகள் வெளிறும். இரண்டையும் ஒன்றாக எண்ணி, கந்தகம் கேட்கிற செடிக்கு யூரியா போட்டால் பயிர் திரும்பாது. அடி இலையின் ஓரம் மட்டும் கருகினால் பொட்டாசியம், இளம் இலையில் நரம்புக்கு நரம்பு வெளிறிய கோடுகள் விழுந்து செடி குட்டையாக நின்றால் நாகம்.

படி 2: எவ்வளவு நைதரசன் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

கணக்கு கஷ்டமில்லை. புரதத்தை 6.25 ஆல் வகுத்தால் நைதரசன். 7 சதவீதப் புரதம் உள்ள குரக்கன் 600 கிலோவில் 42 கிலோ புரதம், அதாவது 6.7 கிலோ நைதரசன் மணியில் மட்டும் காணியை விட்டு வெளியே போகிறது. தாளிலும் வேரிலும் இருப்பது இதற்கு மேலே, கழுவுப்பட்டுப் போவதும் காற்றில் போவதும் அதற்கும் மேலே.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மழையை நம்பிச் செய்கிற குரக்கனுக்கு ஹெக்டேயருக்கு நைதரசன் 40, பொஸ்பரஸ் 20, பொட்டாஷ் 20 கிலோ என்றும், தண்ணீர் பாய்ச்சுகிற இடத்துக்கு 60, 30, 30 என்றும் சொல்கிறது. நம் உலர் வலயத்துக் காணிக்கு இது நல்ல தொடக்கம், உங்கள் போதனாசிரியர் உங்கள் பிரிவுக்கு வேறு அளவு சொன்னால் அதையே எடுங்கள். ஏக்கருக்கு மாற்றினால், மழைப் பயிருக்கு நைதரசன் 16 கிலோ, மற்ற இரண்டும் 8 கிலோ வீதம். யூரியாவில் நைதரசன் 46 சதவீதம், ஆகவே 16 கிலோவுக்கு 35 கிலோ யூரியா. ஒரு 50 கிலோ மூட்டையில் 23 கிலோ இருக்கிறது, மழைப் பயிரில் ஏக்கருக்கு ஒரு மூட்டை முழுதாகக் கொட்டுகிறவர் ஏற்கெனவே தேவைக்கு மேலே நிற்கிறார். பொஸ்பரசுக்கு ரிஎஸ்பி 17 அல்லது 18 கிலோ, பொட்டாஷுக்கு எம்ஓபி 13 அல்லது 14 கிலோ.

படி 3: பசளையைத் தெரிவு செய்யுங்கள்

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் திரும்பத் திறந்துவிட்டதற்குப் பிறகு, சேதனப் பசளை என்றாலே சண்டைக்கு வருகிறவர்களும், யூரியா என்றாலே நஞ்சு என்கிறவர்களுமாக ஊர் இரண்டுபட்டுக் கிடக்கிறது. குரக்கன் வேருக்கு இந்தச் சண்டை தெரியாது. சாணி எருவில் இருந்து வந்தாலும் யூரியாவில் இருந்து வந்தாலும் அது உறிஞ்சுவது நைத்திரேற்றும் அமோனியமும்தான். வித்தியாசம், எது எவ்வளவு மெதுவாக வருகிறது, கூடவே எதைக் கொண்டுவருகிறது என்பதில்தான். என் நிலைப்பாடு தெளிவு: பாதி எருவிலும் கௌபி, பயறு போன்ற அவரையப் பயிரிலும் இருந்து, பாதி மூட்டையில் இருந்து, அதையும் பிரித்துப் பிரித்து.

மாட்டெரு. கிண்ணியா, மூதூர், தோப்பூர்ப் பக்கம் மாட்டுப் பட்டிகளுக்குக் குறைவில்லை, தயிருக்குப் பேர் போன ஊர்களில் எருவுக்குப் பஞ்சம் வர நியாயமில்லை. ஈரமான பட்டி எருவில் நைதரசன் அரைச் சதவீதம் அளவு இருக்கும். ஏக்கருக்கு 5 தொன் போட்டால் 25 கிலோ நைதரசன், ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்குதான், ஏறக்குறைய 8 கிலோ, முதல் போகத்தில் செடிக்குக் கிடைக்கும். மிச்சம் மண்ணில் தங்கி அடுத்த போகங்களுக்கு வரும். எருவின் அருமை நைதரசனோடு முடியவில்லை, நாகம், கந்தகம், பொட்டாசியம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வருகிறது, மணல் மண்ணில் ஈரத்தையும் பிடித்து வைக்கிறது. மணி நிறைவதற்குக் கடைசி நாட்களின் ஈரம் எவ்வளவு முக்கியம் என்று குரக்கன் செய்கிற எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் எரு எப்படிக் கிடந்தது என்று கேட்டு வாங்குங்கள். மார்கழி மழையில் திறந்த வெளியில் கிடந்து, பக்கத்தில் கறுப்புத் தண்ணீர் ஓடிய குவியலில் நைதரசனும் பொட்டாசியமும் பெரும்பாலும் ஓடியே போயிருக்கும், அதற்குக் காசு கொடுப்பது மண்ணுக்குக் கொடுப்பது மாதிரித்தான். மேலே கிடுகோ தறப்பாளோ போட்டு, அடியில் வைக்கோல் விரித்து, மாட்டு மூத்திரத்தையும் அதில் ஊறவிட்டு வைத்த எருதான் எரு.

கோழி எரு. நைதரசன் கூட, வேலையும் வேகம். புதிதாகப் போட்டால் அமோனியா அடித்து நாற்று கருகும், விதைக்கச் சில கிழமைகளுக்கு முன்னரே மண்ணோடு கலக்க வேண்டும். அதில் பொஸ்பரசும் நிறைய, வருடா வருடம் அதையே போடுகிறவர்கள் ரிஎஸ்பி போடுவதை நிறுத்தலாம்.

கிளிசரியா. வேலியில் நிற்கிற சீமைக்கிளுவைதான். உலர்ந்த இலையில் நைதரசன் 3 சதவீதத்துக்கு மேல் இருக்கும், இலை மென்மையாக இருப்பதால் சில கிழமைகளிலேயே உக்கி நைதரசனை விட்டுவிடும். இந்த மாவட்டத்தில் கைக்கெட்டின தூரத்தில் நின்றும் வீணாகிற பசளை இதுதான். விதைப்புக்கு இரண்டு மூன்று கிழமை முன்னால் இலையையும் இளந்தண்டையும் வெட்டி மண்ணில் புதையுங்கள், தடித்த கொம்பை விறகுக்கு விட்டுவிடுங்கள்.

வைக்கோலும் மரத்தூளும். விதைக்கிற நேரத்தில் இவற்றை மண்ணில் கலக்கவே கூடாது. இவற்றில் காபன் மிக அதிகம், நைதரசன் மிகக் குறைவு, இவற்றை உக்கவைக்கிற நுண்ணுயிர்கள் தங்களுக்குத் தேவையான நைதரசனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும், அதுவரைக்கும் பயிர் மஞ்சளாக நிற்கும். கூட்டெருவாக்கிய பிறகு போடுங்கள்.

மீன் கழிவு. துறைமுக ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. நைதரசனும் பொஸ்பரசும் நிறைந்தது, தனியாகப் போட்டால் நாயும் நாற்றமும்தான் மிஞ்சும். வைக்கோல், மரத்தூளோடு மாறி மாறி அடுக்கி மண்ணால் மூடி உக்கவிட்டால், அந்த இரண்டின் குறையையும் இது தீர்க்கும். கருவாட்டுக் கழிவு என்றால் உப்பு இருக்கும், வேண்டாம்.

யூரியா. மலிவு, வேகம், ஆனால் நழுவும். ஈர மண்ணின் மேலே சும்மா தூவிவிட்டால் இரண்டு மூன்று நாளில் அமோனியாவாக மாறிக் காற்றோடு போகும். சிறுபோகத்தில் கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் இது இன்னும் மோசம். கனமழைக்கு முதல் நாள் போட்டால் யூரியாவாகவே கழுவுப்படும். களை கொத்துகிற அன்றைக்கே போட்டு, மண்ணைக் கிண்டி மூடிவிடுவதுதான் வழி.

அமோனியம் சல்பேற்று. நைதரசன் 21 சதவீதம், கந்தகம் 24 சதவீதம். மேலே தூவினால்கூட யூரியா அளவுக்குக் காற்றில் போகாது. எனக்கு மிகவும் பிடித்த பசளை இதுதான், காரணத்தைப் படி 5 இல் சொல்கிறேன். விலை கூட என்பதால் கடைசித் தவணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எப்பாவல பாறைப் பொஸ்பேற்று மிக மெதுவாகக் கரைவது, மூன்றரை மாதப் பயிரான குரக்கனுக்கு அது உதவாது. தென்னைக்குப் போடுங்கள்.

படி 4: தவணை பிரித்துப் போடுங்கள்

இதுதான் முழு விஷயத்தின் நடு. கீழே உள்ள அளவுகள் மழையை நம்பிய ஒரு ஏக்கருக்கு, தண்ணீர் பாய்ச்ச வசதி இருந்தால் மூட்டைப் பசளையை ஒன்றரை மடங்காக்குங்கள்.

எரு 5 தொன் போட்டவர்கள்: விதைப்புக்கு இரண்டு கிழமை முன்னால் எரு, கடைசி உழவில் தேவைப்பட்ட அளவுக்கு ரிஎஸ்பியும் எம்ஓபியும். அடிக்கட்டாக, அதாவது விதைக்கிற நேரத்தில், யூரியா வேண்டாம். 20 முதல் 25 நாளில், அடியிலிருந்து மட்டம் வெடிக்கிற நேரத்தில், யூரியா 10 கிலோ. குடலைப் பருவத்தில் அமோனியம் சல்பேற்று 16 கிலோ.

எரு கிடைக்காதவர்கள்: அடிக்கட்டாக யூரியா 9 கிலோ, விதையில் படாமல் மண்ணோடு கலந்து. மட்டம் வெடிக்கும்போது 17 கிலோ. குடலையில் அமோனியம் சல்பேற்று 19 கிலோ, அது இல்லையென்றால் யூரியா 9 கிலோ.

குடலைப் பருவத்தை நாள் எண்ணிப் பிடிக்காதீர்கள், இனத்துக்கு இனம் மாறும், ஓஷதாவோ ராவணாவோ ரவியோ எதுவானாலும் செடியைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். கொடி இலைக்கு (கதிருக்கு முன் கடைசியாக வருகிற இலை) கீழே தண்டு லேசாகப் பருத்து, விரலால் மெதுவாக அமர்த்தினால் உள்ளே கட்டியாக ஒன்று தட்டுப்படும், கதிர் இன்னும் வெளியே தெரியாது. பத்துச் செடி பார்த்தால் ஐந்தில் அப்படி இருந்தால் அதுதான் நேரம். 100, 110 நாள் இனங்களில் ஏறக்குறைய 50 ஆம் நாளைத் தாண்டியதும் தினமும் ஒரு நடை போய்ப் பாருங்கள். கதிர் முழுதும் வெளியே வந்து பூத்த பிறகு மண்ணில் போடுகிற நைதரசனால் பெரிய பலன் இல்லை.

மண் காய்ந்து கிடந்தால் அந்தத் தவணையை மண்ணில் போடாதீர்கள், இலைக்குத் தெளியுங்கள். 16 லீற்றர் தெளிகருவிக்கு யூரியா 320 கிராம், 2 சதவீதக் கரைசல். ஏக்கருக்குப் பத்துத் தாங்கி அடித்தால் 3.2 கிலோ யூரியா, அதாவது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நைதரசன். 600 கிலோ மணிக்கு 6.7 கிலோ என்று மேலே பார்த்தோமே, அதோடு ஒப்பிட்டால் இது சின்ன உதவி இல்லை. வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள், நடு மத்தியானத்தில் அடித்தால் இலை நுனி கருகும்.

பச்சை அதிகமாகி, இலை தொங்கி, பனியும் மூட்டமுமாக இருக்கிற மார்கழி, தை நாட்களில் கடைசித் தவணையைக் குறையுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். அதிக நைதரசனும் ஈரக் காற்றும் சேர்ந்தால் எரிபந்தம் கதிரின் கழுத்திலும் அதன் விரல் போன்ற கிளைகளிலும் இறங்கும். புரதத்தை ஒரு சதவீதம் கூட்டப்போய்க் கதிரையே பதராக்கிக்கொள்வதில் அர்த்தமில்லை.

படி 5: கந்தகமும் நாகமும்

குரக்கனின் புரதத்தில் மெதியோனின் என்ற அமினோ அமிலம் மற்றப் பல தானியங்களை விட நன்றாக இருக்கும், பருப்பில் குறைவாக உள்ளதும் அதுதான், ஆகவே குரக்கன் பிட்டுக்குப் பருப்புக் கறி பொருத்தமான சோடி. அந்த மெதியோனினைக் கட்டக் கந்தகம் வேண்டும். யூரியாவிலும் ரிஎஸ்பியிலும் எம்ஓபியிலும் கந்தகம் கிடையாது என்று சொல்லலாம், வருடக் கணக்காக இந்த மூன்றையே போட்டு, தாளையும் எரித்து வந்த காணியில் நைதரசன் மட்டும் கூடினால் புரதத்தின் தரம் கூடாது. குடலையில் போடுகிற 19 கிலோ அமோனியம் சல்பேற்று நான்கரைக் கிலோ கந்தகத்தையும் கூடவே கொண்டுவருகிறது. அதனால்தான் கடைசித் தவணைக்கு அதைச் சொன்னேன்.

நாகத்துக்கு நாகசல்பேற்று. பூத்து முடிந்து, மணியை நசுக்கினால் பால் வருகிற பருவத்தில் 0.5 சதவீதக் கரைசலாகத் தெளித்தால் மணிக்குள் நாகம் கூடும். 16 லீற்றருக்கு 80 கிராம், இது ஏழு மூலக்கூறு நீர் உள்ள வகைக்கு. பையில் நாகம் 33 சதவீதம் என்று எழுதியிருந்தால் அது செறிவு கூடிய வகை, 50 கிராம் போதும். அதே தாங்கியில் 160 கிராம் யூரியாவும் கலக்கலாம், நாகத்தோடு கலக்கும்போது யூரியா 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பொஸ்பரஸ் உள்ள எதையும் இதோடு கலக்காதீர்கள், அடியில் வெள்ளையாக உறைந்து போகும். முதலில் ஒரு மூலையில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மிச்சத்துக்கு அடியுங்கள்.

இரும்பை மண்ணில் போட்டுப் பலன் எதிர்பார்க்க வேண்டாம், மண்ணிலேயே கட்டுப்பட்டுவிடும்.

இப்போது பொஸ்பரசுக்கு வருவோம். மணிக்குள் போகிற பொஸ்பரசின் பெரும்பகுதி பைற்றிக் அமிலமாகத்தான் சேமிக்கப்படுகிறது, அது நாகத்தையும் இரும்பையும் கல்சியத்தையும் பிடித்துக்கொண்டு உடம்புக்குக் கிடைக்காமல் செய்யும். மண்ணில் பொஸ்பரஸ் அதிகமானால் வேர் நாகத்தை எடுப்பதும் குறையும், வேரோடு சேர்ந்து வாழ்ந்து நாகத்தைத் தேடிக் கொடுக்கிற பூஞ்சைகளும் மெலியும். குச்சவெளி, நிலாவெளிப் பக்கம் வெங்காயம் செய்து செய்து பசளை குவிந்த காணியில் குரக்கன் போடுகிறவர்கள் மண் பரிசோதனையில் பொஸ்பரஸ் கூட என்று வந்தால் ரிஎஸ்பியைக் கையாலும் தொடாதீர்கள். நைதரசன் தட்டுப்பாடான மண்ணில் மற்றச் சத்துகளும் தட்டுப்பாடு என்று நினைத்து எல்லாவற்றையும் சரிசமமாகக் கொட்டுவதுதான் குரக்கனின் தாதுத் தரத்தைக் கெடுக்கிற பழக்கம். பொஸ்பரஸ் உண்மையிலேயே குறைந்த மண்ணில் அதைப் போடாவிட்டால் வேரே ஓடாது, அங்கே போட வேண்டியதுதான்.

படி 6: உங்கள் காணியிலேயே பட்டை பிரித்துப் பாருங்கள்

நான் எழுதியதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஒரே மாதிரியான மண் உள்ள இடத்தில் நான்கு பட்டை ஒதுக்குங்கள்: ஒன்றும் போடாதது, எரு மட்டும், எருவும் மட்டம் வெடிக்கும்போது யூரியாவும், எருவும் யூரியாவும் குடலைத் தவணையும் நாகத் தெளிப்பும். தடி நட்டு அடையாளம் வையுங்கள், அறுக்கும்போது தனித்தனி உரப்பையில் போடுங்கள். கூலிக்கு அறுக்கிறவர்கள் கலந்துவிடுவார்கள், அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மணியை நன்றாகக் காயவிட்டு, பல்லில் கடித்தால் டக்கென்று உடைகிற பதத்தில், தூற்றிச் சுத்தப்படுத்தி, ஒரே சுண்டால் (அளக்கிற பாத்திரம்) தலை தட்டி அளந்து தராசில் போடுங்கள். ஒரே அளவுச் சுண்டில் எந்தப் பட்டை கனக்கிறதோ அதில் மணி நிறைந்திருக்கிறது. இன்னும் நுணுக்கமாக வேண்டும் என்றால் ஆயிரம் மணியை எண்ணி நகைக்கடைத் தராசில் நிறுக்கலாம், நல்ல குரக்கன் இரண்டரை கிராமைச் சுற்றி அல்லது அதற்கு மேல் இருக்கும். பிறகு ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கி, மிதக்கிற பதரை அரித்துக் காயவைத்து நிறுத்துப் பாருங்கள். புரதமும் நாகமும் ஆய்வுகூட வேலை, ஆனால் மணி நிறைவையும் பதரையும் எந்த வீட்டிலும் பார்க்கலாம், பசளைத் தவணை சரியா பிழையா என்பதைக் கண்டுபிடிக்க அதுவே நிறையச் சொல்லும்.

அரைத்து மாவாக்குகிறவர்களுக்கு ஒன்று: மணியை இரவில் ஊறவைத்து முளைகட்டி உலர்த்தி அரைத்தால் பைற்றிக் அமிலம் குறையும். காணியில் பாடுபட்டுச் சேர்த்த நாகமும் இரும்பும் அப்போதுதான் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்.

படி 7: அறுவடைக்குப் பிறகு

தாளை எரிக்காதீர்கள், அதிலுள்ள நைதரசனும் கந்தகமும் புகையாகப் போய்விடும். குரக்கன் தாள் மாட்டுக்கு நல்ல தீனி, மாட்டுக்குக் கொடுத்து எருவாகத் திருப்பி எடுங்கள். மாடு இல்லாதவர்கள் அடுத்த விதைப்புக்கு நீண்ட நாள் முன்னதாகவே உழுது மண்ணில் விடுங்கள்.

பெரும்போகக் குரக்கன் மாசியில் வெட்டியதும் மண்ணில் மிஞ்சியிருக்கிற ஈரத்தில் உடனே கௌபியோ பாசிப்பயறோ போடுங்கள். காய் பறித்த பிறகு செடியை அங்கேயே மடக்கி உழ வேண்டும், வேர் முடிச்சும் இலையும் மண்ணில் தங்கினால்தான் அடுத்த குரக்கனுக்கு நைதரசன் மிஞ்சும். கச்சான் (நிலக்கடலை) செய்கிறவர்கள் செடியோடு பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயை ஆய்ந்துவிட்டுக் கொடியை வேலியோரம் எறிந்துவிடுகிறார்கள், அப்படிச் செய்தால் காணிக்கு வந்து சேருவது மிகக் குறைவு. கொடியைத் திரும்பக் காணிக்குக் கொண்டுவந்து பரப்பி மடக்குங்கள், அடுத்த ஒக்டோபரில் குரக்கன் விதைக்கும்போது அடிக்கட்டு யூரியாவை விட்டுவிட்டு மட்டம் வெடிக்கும் தவணையில் இருந்து தொடங்கிப் பார்க்கலாம்.